சுமை எப்படி விழுந்தது? ‘இரட்சணிய யாத்திரிகம்’ குறித்து ஒரு முஸ்லிம் வாசகனின் மதிப்பீடு

எழுவான்கரையிலிருந்து மண்டூருக்குப் படிப்பிக்கப் போகிறவர்களுக்குக் குருமண்வெளித் துறையில் பாதை ஏறுவது அன்றாட வேலை. வேறு ஊர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்: ‘பாதை’ என்றால் எங்கள் பகுதியில் நடக்கிற வழி மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடத்துகிற தட்டைப் படகுக்கும் அதுதான் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தை உயர்தர வகுப்புக்கு விளக்கும்போது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வந்தது. அது ஜோன் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய கதையைத் தழுவியது என்பதால் மூலக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். முதுகில் பாவச் சுமையோடு நாச நகரத்தை விட்டு ஓடுகிற பயணி, கடைசியில் பாலமில்லாத ஆற்றில் இறங்கி, மூழ்கப்போகிற நிலையில் தோழன் தலையைத் தாங்கிப் பிடிக்கக் கரை சேர்கிறான். பின்னால் வந்த அறிவீனன் என்பவனோ வீண் நம்பிக்கை என்ற ஓடக்காரனின் தோணியில் ஏறிச் சுகமாக அக்கரை போகிறான். ஆனால் வாசலில் காட்டச் சீட்டு இல்லை. கையையும் காலையும் கட்டி அவனை நரகத்தின் வழியில் தள்ளுகிறார்கள்.

ஒரு மாணவன் எழும்பினான். “சேர், தோணியில வந்தது அவன்ட குற்றமா? நாங்களும் பாதையிலதானே வாற. நீந்தி வந்தாத்தான் சொர்க்கமா?” வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை விடவில்லை: “மத்தவனையும் ஒராள் தூக்கித்தானே சேர் கரை சேர்த்த?”

அன்று மணி அடித்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தால் கிறிஸ்தவ இறையியல் பதினாறு நூற்றாண்டுகளாகத் தனக்குள் வாதாடிய வழக்கு முழுவதும் வந்துவிடுகிறது. மனிதன் மீட்படைவதில் முதல் அடி யாருடையது? இறைவன் தூக்குகிறானா, மனிதன் நீந்துகிறானா?

இதை நமது இதழில் எழுத ஒரு காரணம் உண்டு. நம்மவர் மத்தியில் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி ஒரு வாசகம் பழகிக் கிடக்கிறது. “அவங்களுக்கென்ன, நம்பினாப் போதும், செய்யிறதெல்லாம் செஞ்சிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாச் சரி. நமக்குத்தான் அமல் வேணும்.” பயான்களில் கேட்டிருக்கிறோம், துண்டுப் பிரசுரங்களில் படித்திருக்கிறோம். தமிழில் அவர்கள் எழுதிய பெருங்காப்பியத்தை ஒருமுறை ஒழுங்காக வாசித்தவர் இப்படிச் சொல்லமாட்டார். வாசிக்காமல் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி மட்டுமல்ல, நமது ஈமானைப் பற்றிய நமது விளக்கத்தையும் அது மெலிய வைக்கிறது.

முதலில் அவர்களது வழக்கின் வரலாறு. இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரம் அக்காலத்தில் ஹிப்போ. அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430), ஆதிப் பாவத்தால் மனித நாட்டம் நோயுற்றுக் கிடக்கிறது, இறையருள் முதலில் தொட்டாலன்றி அது நன்மையை நாடக்கூட மாட்டாது என்றார். பெலாஜியஸ் என்ற துறவி, கட்டளையிட்ட இறைவன் அதைச் செய்யும் ஆற்றலையும் கொடுத்திருக்கிறான், மனிதன் முயலவேண்டியதுதான் என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய சபை பெலாஜியஸின் கருத்தை மறுத்தது. 529இல் ஒரேஞ்சில் கூடிய சபை, நம்பிக்கையின் தொடக்கமே அருளால்தான் என்றது. ஆனால் தீமைக்கென்று இறைவன் எவரையும் முன்குறித்தான் என்பதை அதே சபை கண்டித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் பின்வந்த சண்டைகள் எல்லாம்.

புரட்டஸ்தாந்து இயக்கத்தில் லூதரும் எராஸ்மஸும் 1524, 1525 ஆண்டுகளில் இதே விடயத்தில் மோதினார்கள். கல்வினின் வழிவந்தவர்கள் முன்குறித்தலை அழுத்திச் சொன்னார்கள். ஒல்லாந்தில் ஆர்மீனியஸ் என்பவரைப் பின்பற்றியோர், அருளை மனிதன் மறுக்கவும் முடியும் என்று வாதிட, 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய சபை அவர்களை வெளியே தள்ளியது. கத்தோலிக்கருக்குள்ளும் அமைதி இல்லை. இயேசு சபையைச் சேர்ந்த மொலினா, இறைவனின் முன்னறிவையும் மனித சுதந்திரத்தையும் இணைத்து 1588இல் நூல் எழுத, தொமினிக்கன் துறவிகள் எதிர்த்தார்கள். பல வருட விசாரணைக்குப் பின் பாப்பரசர் ஐந்தாம் பவுல் 1607இல் தீர்ப்புச் சொல்லாமலே வழக்கை முடித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோன் வெஸ்லி, எல்லா மனிதரிடத்தும் முன்சென்று நிற்கிற ஓர் அருள் உண்டு, அதனால்தான் மனிதன் பதில் சொல்ல முடிகிறது என்றார்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். அத்தனையும் எங்கள் வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தன. போர்த்துக்கீசர் கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், டோர்ட்டில் வென்ற சபையைச் சேர்ந்தவர்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட், வெஸ்லியின் மெதடிஸ்த சபையினர். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தவர்களோ மொலினாவின் இயேசு சபையினர். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்த இரண்டு கல்லூரிகளிலும் படித்தவர். மண்டூரில் 1899இல் பிறந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை, செயலும் சரணும் எப்படிப் பொருந்தும் என்று பேசுகிற பகவத்கீதையை வெண்பாவில் பாடினார். ஆக, என் மாணவர் கேட்ட கேள்வி அந்த ஊருக்குப் புதிதல்ல.

இனிக் காப்பியத்துக்கு வருவோம். கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் கிறிஸ்தவரானார். ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள். கம்பனின் நடையில் தோய்ந்தவர் என்பதால் கிறிஸ்தவக் கம்பர் என்று புகழப்பட்டார்.

பெயரிலேயே வழக்கு இருக்கிறது. இரட்சணியம் கொடுக்கப்படுவது, யாத்திரை நடக்கப்படுவது. கொடுக்கப்படுகிற ஒன்றை நோக்கி எதற்காக நடக்கவேண்டும்?

பனியனின் கதையில் இந்த முடிச்சு ஒவ்வொரு கட்டத்திலும் வருகிறது. பயணி தானாகத்தான் ஓடுகிறான், ஆனால் சேற்றில் விழுந்தால் வேறொருவர் கைகொடுத்துத் தூக்குகிறார். இடுக்கமான வாசலை அவன்தான் தட்டுகிறான், ஆனால் உள்ளிருப்பவர் கையைப் பிடித்து இழுத்து எடுக்கிறார். சிலுவையடியில் சுமை கழன்று உருண்டு போகிறது. அவன் அவிழ்க்கவில்லை, வெட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். இதோடு கதை முடிந்திருந்தால் நம்மவர் சொல்லும் “நம்பினாப் போதும்” சரியாகியிருக்கும். ஆனால் முடியவில்லை. சுமை விழுந்த பிறகுதான் மலையேற்றமும், போரும், சிறையும், கொலைக்களமும். சும்மா இருப்பவனுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

ஒரு காட்சியைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். சுவரோரம் நெருப்பு எரிகிறது. ஒருவன் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான், நெருப்போ கூடுகிறது. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் வேறொருவர் மறைவாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஊற்றுகிறவன் சாத்தான், எண்ணெய் ஊற்றுபவர் கிறிஸ்து. முன்னால் நிற்பவனுக்கு நெருப்பு தன் பலத்தில் எரிவதாகத்தான் தெரியும். இறைவன் செய்கிறானா மனிதன் செய்கிறானா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உவமையை நான் அவர்கள் எழுத்தில் வாசித்ததில்லை.

கிருஷ்ணபிள்ளை இந்தக் கதையைத் தமிழாக்கியபோது செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பனியனில் சிலுவை ஒரு சிறு காட்சி. சுமை விழுகிறது, பயணி அழுகிறான், நடக்கிறான். கிருஷ்ணபிள்ளையோ இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடுகிறார். கதை தடைப்படுகிறது என்று குறை சொல்லலாம். எனக்கு அது அவரது நல்ல முடிவாகவே தோன்றுகிறது. பனியனின் வாசகர்கள் வேதாகமத்தோடு வளர்ந்தவர்கள், ஒரு சிறு குறிப்பே அவர்களுக்குப் போதும். தமிழ் வாசகனுக்கு அந்தச் சுமை ஏன் விழுந்தது என்றே விளங்காது. முதல் அடி இறைவனுடையது என்று அவர் நம்பினார், அந்த அடியைக் காட்டாமல் பயணியின் அடிகளை மட்டும் காட்டினால் கதை சாய்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவரது வைணவப் பின்னணியும் இங்கே வேலை செய்கிறது. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதே விடயத்தில் பிரிந்தவர்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றவேண்டும் என்பது ஒரு பக்கம், பூனைக்குட்டி சும்மா கிடக்கத் தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும் என்பது மறுபக்கம். ஆக, அருளா முயற்சியா என்ற கேள்வி கிருஷ்ணபிள்ளைக்கு வேதாகமத்தோடு வந்ததல்ல, வீட்டிலேயே கேட்டு வளர்ந்தது. காப்பியத்துக்குள் வரும் தேவாரப் பாடல்களில் அந்தச் சரணாகதி உணர்வு வெளிப்படையாகக் கேட்கிறது. தருக்கத்தில் அவிழாத முடிச்சைப் பாட்டில் தளர்த்திவிடுகிறார். என் கணிப்பில் நூலின் உயிர் அந்தப் பாடல்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் வடசொல் பெருக்கமும் கம்பனைப் பின்தொடரும் ஆசையும் மாணவரைக் களைக்கவைப்பது உண்மை.

இன்னொரு கிறிஸ்தவக் காப்பியத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் விளங்கும். வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 1726இல் முடிந்தது. அவர் இயேசு சபைத் துறவி. அவர் தேர்ந்த தலைவன் சூசையப்பர், அறத்திலும் தவத்திலும் நிறைந்த மனிதர். கிருஷ்ணபிள்ளை தேர்ந்தது முதுகில் சுமை கொண்ட பாவியை. முன்னவர் அருளோடு ஒத்துழைக்கும் மனித நாட்டத்தைக் கொண்டாடுகிறார். பின்னவர் அருள் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாத நாட்டத்தைக் காட்டுகிறார். இரு சபைகளின் இறையியல் இரு காப்பியங்களின் தலைவர்களாக நிற்கிறது. நமது இலக்கிய வரலாற்று நூல்கள் இரண்டையும் ‘கிறிஸ்தவ இலக்கியம்’ என்று ஒரே தலைப்பில் கட்டிவிட்டு நகர்கின்றன.

காப்பியத்தின் மீது எனக்கு ஓர் அடிப்படையான குறையும் உண்டு. அது கிருஷ்ணபிள்ளையைவிடப் பனியனின் உருவக முறையைச் சேர்ந்தது. கதை மாந்தரின் பெயரே அவர்களது குணம். பிடிவாதன் என்று பெயர் வைத்தபின் அவன் எப்படித் திருந்துவான்? அறிவீனன் என்று பெயரிட்டபின் அவனுக்கு அறிவு எங்கிருந்து வரும்? நூல் அவனுக்கு உபதேசம் செய்கிறது, கண்டிக்கிறது, ஆனால் பெயர் வைக்கும்போதே தீர்ப்பை எழுதியாகிவிட்டது. முன்குறித்தல் கொள்கை கதைக்குள் பேசப்படுவதைவிட இந்தப் பெயர்களில்தான் கடுமையாக இருக்கிறது. என் மாணவனுக்குத் தோணிக்காரன்மீது வராத கோபம் வாசல்காரன்மீது வந்தது இதனால்தான்.

‘சீறாப்புராண’த்தில் உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலத்தை எடுத்துப் பாருங்கள். வாளை எடுத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களைக் கொல்லப் புறப்பட்டவர் கலிமாச் சொல்கிறார். அவரைப் பிடிவாதன் என்று பெயரிட்டு ஓர் உருவகக் கவிஞன் எழுதியிருந்தால் அந்தத் திருப்பம் நடந்திருக்காது. உமறுப்புலவருக்குக் கையில் கிடைத்தது வரலாறு, வரலாற்று மனிதன் கடைசி மூச்சுவரை திரும்பக்கூடியவன்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் நமக்குச் சாதகமானதை மட்டும் சொன்னவனாவேன். உமரோ அபூஜஹ்லோ, இருவரில் ஒருவரால் இஸ்லாத்தைப் பலப்படுத்துமாறு நபியவர்கள் துஆக் கேட்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஒருவர் வந்தார், மற்றவர் வரவில்லை. வளர்த்த பெரிய தந்தை அபூதாலிப் நேர்வழிக்கு வரவேண்டுமென்று நபியவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டார்கள்! விரும்பியவரை நேர்வழியில் சேர்ப்பது உமது கையில் இல்லை, அது அல்லாஹ்வின் நாட்டம் என்ற கருத்தில் சூரத்துல் கஸஸின் வசனம் இறங்கியது. அகுஸ்தீன் முட்டிக்கொண்ட அதே சுவர்தான் நமக்கு முன்னாலும் நிற்கிறது.

நமது முன்னோரும் அதில் முட்டியவர்களே. மனிதன் காற்றில் பறக்கும் இறகு என்றனர் ஜபரிய்யாக்கள். தன் செயலுக்குத் தானே கர்த்தா என்றனர் முஃதஸிலாக்கள். முஃதஸிலாவாக இருந்து விலகிய இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரி (ரஹ்), செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்று ‘கஸ்பு’க் கொள்கையைச் சொன்னார்கள். இலங்கை முஸ்லிம்கள் மத்ரஸாக்களில் மரபாகப் படித்துவந்த அகீதா இதுதான். பின்னால் எண்ணெய் ஊற்றுவதைக் காணாமல் முன்னால் எரியும் நெருப்பைக் கண்டவனுக்குக் கஸ்பு விளங்குவது கடினமல்ல.

“நமக்கு அமல், அவர்களுக்கு நம்பிக்கை” என்ற பிரிப்பும் நமது மூலங்களின் முன் நிற்காது. எவரது அமலும் அவரைச் சுவர்க்கத்தில் சேர்க்காது என்று நபியவர்கள் சொன்னபோது, தங்களையுமா என்று தோழர்கள் கேட்டார்கள். அல்லாஹ் தன் றஹ்மத்தால் மூடிக்கொண்டாலன்றி என்னையும்தான் என்ற கருத்தில் பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. தபூக் யுத்தத்துக்குப் போகாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) உள்ளிட்ட மூவரைப் பற்றிய வசனத்தில் (9:118), அவர்கள் மீளும்படியாக அல்லாஹ் முதலில் அவர்கள் பக்கம் மீண்டான் என்ற பொருள் இருக்கிறது. தவ்பாவின் முதல் அடியும் அவனுடையது. அதேநேரம் ஐம்பது நாள் ஊரே பேசாதிருக்க, பூமி சுருங்கிப்போக, பொய்க் காரணம் சொல்லாமல் காத்திருந்தது கஅபின் அடி.

அவர்கள் பக்கமும் அப்படியே. செயலில்லாத நம்பிக்கை செத்தது என்று யாக்கோபின் நிருபம் சொல்கிறது. அச்சத்தோடும் நடுக்கத்தோடும் மீட்புக்காக உழையுங்கள், ஏனெனில் உங்களுக்குள் செயல்படுபவர் இறைவனே என்று பவுல் பிலிப்பியருக்கு ஒரே மூச்சில் இரண்டையும் எழுதினார்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் வழமையாகக் காட்டும் இடத்தில் இல்லை. அவர்களுக்கு மனிதன் பிறப்பிலேயே விழுந்தவன், அவனுக்காக இன்னொருவர் ஈடு கொடுக்கவேண்டும். நமக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஃபித்றாவில் பிறக்கிறது. மனிதன் மறப்பவன், அவனுக்கு நினைவூட்டல் வேண்டும். ஆதம் (அலை) தவறினார்கள், தன் இறைவனிடமிருந்தே சொற்களைக் கற்று மன்னிப்புக் கேட்டார்கள், மன்னிக்கப்பட்டார்கள். அந்தக் கடன் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதுமில்லை. ஆகவே கிருஷ்ணபிள்ளையோடு நமக்குள்ள விலகல் அருளைப் பற்றியதல்ல, ஈட்டைப் பற்றியது. குமார பருவத்தை வாசிக்கும்போது நான் கவிஞனின் கண்ணீரை மதிக்கிறேன், அவர் அழும் காரணத்தை என் அகீதா ஏற்பதில்லை. ஓர் இலக்கிய வாசகனாக இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

இது புத்தக விவகாரம் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அன்று நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் நமது பெயர்களைச் சுமந்தவர்கள். அரசியலும் பின்னணியும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. தன் ஒரு செயலால் சுவர்க்கத்தைத் தன் கையில் பிடித்துவிட்டேன் என்ற நிச்சயம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நபியவர்கள் தமக்கே சொல்லிக்கொள்ளாத நிச்சயம் அது. சுவர்க்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதே விதி முந்தி நரகத்தில் விழுபவன் உண்டு என்று எச்சரிக்கும் ஹதீஸைப் படித்த சமூகம் நாம். பனியனும் அறிவீனனின் முடிவைக் கண்டு, சுவர்க்க வாசலிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி இருப்பதாகத்தான் முடிக்கிறார். வீண் நம்பிக்கை என்ற தோணி ஒரு சமயத்தாருக்கு மட்டும் ஓடுவதில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் முடிந்த அளவு சொன்னேன். தோணியில் ஏறியது குற்றமில்லை மகன், தோணிக்காரன் யாரென்று கேட்காததுதான் குற்றமாக அந்தக் கதை சொல்லுது. மற்றவனைத் தோழன் தூக்கினான், சரி, ஆனா அவன் ஆற்றில் இறங்கியிருக்காட்டி யார் தூக்குவார்? பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “இறங்கச் சொல்லி மனசு குடுத்தது ஆரு சேர்?” என்றது. அதற்குமேல் எனக்குப் போக முடியவில்லை. அஷ்அரி இமாமும் அகுஸ்தீனும் நின்ற இடத்தில் பதினேழு வயதுப் பிள்ளை வந்து நின்றுவிட்டது.

நமது தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சீறாப்புராண’த்தையும் ‘இரட்சணிய யாத்திரிக’த்தையும் ‘தேம்பாவணி’யையும் பரீட்சைக் குறிப்புகளாகப் பிரித்துக் கொடுக்காமல், ஒரு பருவத்துக்காவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பியுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கிற எல்லாவற்றுக்கும் நம்மிடம் பதில் இருக்காது. நாம் எதை நம்புகிறோம், அவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதையாவது பிழையில்லாமல் சொல்லிக் கொடுக்கலாம். அல்லாஹு அஃலம்.